முளைக்காத குடில் நெல்லும் அவிழ்ந்த ஆடும்

ஒரகடம்,
கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள்.

ஒரு காலத்தில் என் அன்புக்குரியவனாக இருந்த தம்பி அமிர்தநாதனுக்கு, அக்கா அன்னபுஷ்பம் எழுதிக்கொண்டது.

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் இடது முட்டியைத் தவிர. உன் சுகம், உன் மனைவி சுகம், உன் சர்க்கரை ஏறி இறங்குகிற சுகம் எல்லாம் அறிய ஆவல். ஆனால் பதில் எழுத வேண்டாம். பிள்ளைப்பாக்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நீ உன் மனைவியிடம் கேட்பாய். போனில் பேசினால் நீ நடுவில் பேசுவாய். கடிதத்தில் உன்னால் நடுவில் பேச முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எனக்கு இவ்வளவு தெரியும். டென்னிஸ் முதல் ஷிப்டுக்குப் போகிற வழியில் இதை உன் வீட்டில் கொடுப்பான். கவரைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன், பிரித்திருந்தால் எனக்குத் தெரியும்.

முதலில் அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன், பிற்பாடு நான் இல்லை நீ இல்லை என்று எவரும் சொல்லக்கூடாது. கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து மத்தியானம், டென்னிஸ் வீட்டு ஹால். நான் இருந்தேன். என் மகன் டென்னிஸ் இருந்தான், ஓ.டி. இல்லாத ஞாயிறு என்பதால். மருமகள் ஷாலின் இருந்தாள், கையில் போனோடு. என் பேத்தி ஃபெபி இருந்தாள், இரண்டாம் வகுப்பு. கீழ்வீட்டு மரகதம் இருந்தாள், கறிக்குழம்பு வாசனை எட்டுகிற இடத்தில் அவள் இல்லாமல் இருந்ததே கிடையாது. சின்ன வயதில் நம்மோடு ஒரே வீட்டில் வளர்ந்த சித்தப்பா மகன் சாம்சன் குன்றத்தூரிலிருந்து வந்திருந்தான். இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றுவிட்டு சோபாவில் படுத்துத் தூங்கினான், ஆகையால் அவன் இருந்தான் என்றும் சொல்லலாம் இல்லை என்றும் சொல்லலாம். கடைசியாக, மஞ்சள் துணிப்பையோடு நீ இருந்தாய்.

அன்றைக்குக் காலையில்தான் மறைக்கல்வி வகுப்பில் ஜெபர்சன் சார் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார். வருஷா வருஷம் செய்வதுபோல ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குள்ளேயே ஒரு தட்டில் விதை போட்டு வளர்த்துக் கொண்டுவர வேண்டும், அந்தப் பச்சையைத்தான் குடிலில் மாடும் ஆடும் மேய்கிற புல்லாக வைப்போம், யாருடைய தட்டு எல்லாவற்றிலும் நன்றாக வந்திருக்கிறதோ அந்தப் பிள்ளைதான் கிறிஸ்துமஸ் இரவுப் பூசையில் குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு போய்க் குடிலில் கிடத்தும் என்று. ஃபெபி வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை. தலையணையைத் துண்டில் சுற்றிக் கையில் ஏந்தி, ஹாலுக்கும் சமையலறைக்கும் மெதுவாக நடந்து பழகிக்கொண்டே இருந்தாள். என்ன விதை போடலாம் என்று அந்தப் பிள்ளை கேட்டதுதான் தாமதம், ஆளுக்கொரு விதையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ஷாலின் போனில் ஒரு வெள்ளைக்காரியைக் காட்டினாள். அவள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரே பனி. "இங்க பாருங்க மாமி, குளிர்காலத்துல பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ள வளக்க எந்த விதை கொள்ளாம்னு சொல்லுகா. முள்ளங்கி, சூரியகாந்தி, புரோக்கோலி" என்றாள். கொள்ளாம் என்றால் அவள் ஊர்ப் பேச்சில் நல்லது என்று அர்த்தம். "குடில்ல ஆட்டுக்குப் புல்லு வேணும்டி, ஓட்டல் சாலட் இல்ல" என்றேன். நம் ஊரில் மார்கழிக்கு ஸ்வெட்டர் போடுகிறவன் கம்பெனி வாசல் செக்யூரிட்டி ஒருவன்தான், அவனும் யூனிபார்ம் கறையை மறைக்கத்தான் போடுகிறான். டென்னிஸ், "கோதுமை போடு மா, ஒரே அளவா வரும், ரிஜெக்டே இருக்காது" என்றான். மரகதம் எலும்பைக் கடித்துக்கொண்டே, "நவதானியம் போடுக்கா. எங்க அம்மன் கோயில் முளைப்பாரிக்கு அப்டித்தான். ஒண்ணு ஏமாத்துனாலும் இன்னொண்ணு கை குடுக்கும்" என்றாள். நான் கேழ்வரகு என்றேன். கேழ்வரகு மாதிரி மெல்லிசாக, தலைமுடி மாதிரி நெருக்கமாக வருகிறது வேறு எதுவும் இல்லை, நம் அம்மா போட்டது அதுதான். நான் சொல்லி முடிப்பதற்குள் நீ அந்த மஞ்சள் பையைப் பிரித்தாய்.

"கண்ணு, இது தாத்தா நெலத்து நெல்லு. பச்சைப் பாய் விரிச்சா மாதிரி வரும். மாடு அது மேல படுத்துச்சுன்னா எழுந்துக்க மனசே வராது" என்றாய். ஃபெபி, "அது பொம்மை மாடு தாத்தா" என்றாள். "பொம்மைக்கே மனசு வராதுன்னா பாத்துக்கோயேன்" என்றாய். பிள்ளை பைக்குள் கையை விட்டு அளைந்து, ஒரு நெல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஆயா, இதுக்கு வால் இருக்கு! எனக்கு இதுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கேழ்வரகுக்கு வால் இல்லை. அது என் தப்பா?

நான் பிள்ளையிடம் உண்மையைத்தான் சொன்னேன். "உங்க சின்னத் தாத்தாவ நம்பி ஒருத்தி குடிலுக்கு முளை போட்டா. பண்டிகைக்கு மொத நாள் ஆட்டை அவுத்துவிட்டு மேயவிட்டான்" என்றேன். அதற்கு நீ எல்லோர் முன்னாலும் நெற்றியில் அடித்துக்கொண்டாய். "அய்யே, இன்னாக்கா நீ! அறுவது வருசமா இதையே சொல்லிகினு கீறே. நான் அவுக்கலன்னு எத்தினி தபா சொல்றது?" என்றாய். அப்போது சோபாவில் கிடந்த சாம்சன் ஒரு கண்ணைத் திறந்து, "நானும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த வருஷம் என் கேழ்வரகு தட்டு நிறைய எப்படி நின்றது என்று பார்த்தவள் நான். ஆடு மேய்ந்த பிறகு என் இடத்தில் கணக்குப்பிள்ளை மகள் செபமாலைதான் குழந்தை இயேசுவைத் தூக்கினாள், சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு. இப்போது பல்லாவரத்தில் கொள்ளுப்பேரனே எடுத்துவிட்டாள், இன்னும் கோயிலுக்குள் வரும்போது அன்றைக்குக் குழந்தை இயேசுவைச் சாய்த்திருந்த தோளைத்தான் முன்னால் விட்டுக்கொண்டு வருவாள். உன் நெல்லை என் கையால் தொடுவதில்லை என்று அன்றைக்கே சத்தியம் செய்தேன். செய்தால் செய்ததுதான்.

இனி நடந்ததைக் கேள். டென்னிஸ் அவன் லைனில் கழித்துப்போட்ட ஒரு நீலத் தட்டைக் கொண்டுவந்தான், பேரிங் வைக்கிற தட்டாம், வரிசை வரிசையாகக் குழி. குழிகளின் அடியில் ஓட்டை இருந்தது. தரை நனையக்கூடாது என்று அத்தனை ஓட்டையையும் டேப் ஒட்டி அடைத்தான். அதற்குள் தேங்காய் நாரும் மண்ணும் போட்டு, ஃபெபி நெல்லைத் தூவி, கட்டிலுக்கு அடியில் என் பழைய புடவையைப் போர்த்தி வைத்தாயிற்று. அதோடு விட்டானா? சூப்பர்வைசர் ஆன பிறகு அவனுக்கு எதையும் சும்மா செய்ய வராது. தண்ணீர் விடுவதற்கு ஷிப்டு போட்டான். காலையில் நான் ஏ ஷிப்டு, சாயங்காலம் ஷாலின் பி ஷிப்டு, ராத்திரி அவன் சி ஷிப்டு. நான் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்ததால் சொம்பில் தூரத்திலிருந்து ஊற்றினேன். தூரத்திலிருந்து ஊற்றினால் அளவு தெரியாது. நான் கோபத்தில் ஊற்றியிருக்க மாட்டேன் என்று நினைத்து ஷாலின் என் பங்கையும் சேர்த்து ஊற்றினாள். போனைப் பார்த்துக்கொண்டு இவள் மறந்திருப்பாள் என்று நினைத்து டென்னிஸ் எல்லார் பங்கையும் சேர்த்து ஊற்றினான். ஹேண்ட் ஓவர் ஒழுங்காக இல்லை என்று கடைசியில் எங்கள் இருவரையும்தான் திட்டினான். கட்டிலுக்கு அடியில் தவளை கத்தாத குறை.

ஃபெபி தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் யூனிபார்மோடு குப்புறப் படுத்து, புடவையைத் தூக்கி, "குட் மார்னிங்" என்று சொல்லிவிட்டுப் போவாள். முதல் வாரம், "இன்னும் தூங்குது ஆயா" என்றாள். இரண்டாவது வாரம் புடவையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடிவிட்டுப் போனாள். தலையணையைத் தூக்கி நடக்கிறதையும் நிறுத்திவிட்டாள். ஒருநாள் சோறு ஊட்டும்போது, "ஆயா, அதுக்கு நம்ம வூடு புடிக்கலையா?" என்று கேட்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அமிர்தநாதா. அன்றைக்கு உன் போன் வந்தது, நான் எடுக்கவில்லை. அப்புறமும் வந்தது, எடுக்கவில்லை. அதற்குக் காரணம் இதுதான்.

நாற்றம் வர ஆரம்பித்த பிறகு மரகதத்தைக் கூப்பிட்டார்கள். அவள் வல்லக்கோட்டைக்குக் கிருத்திகைக்குப் போய்விட்டு நெற்றி நிறைய விபூதியோடு வந்து, தட்டிலிருந்து ஒரு நெல்லை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்து, துப்பி, "அட இன்னாக்கா இது! பல்லுல அப்டியே ஒட்டுது. அவிச்ச நெல்லுக்கா. பொழுங்கல் அரிசிக்கு அவிச்சு காயவெச்ச நெல்லு. இது எந்த ஜென்மத்துல மொளைக்கும்?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் வீட்டில் வாசற்படிக்கு இந்தப் பக்கம் விதை மூட்டை, அந்தப் பக்கம் சாப்பாட்டுக்கு அவித்துக் காயவைத்த மூட்டை என்று எனக்குத் தெரியாதா? மூட்டை மாற்றி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய்! பாதி நிலத்தைக் கம்பெனிக்காரனுக்கு விற்றாய், சரி. எது விதை எது சோறு என்கிற அறிவையும் சேர்த்தா எழுதிக் கொடுத்தாய்? அந்தத் தட்டை அப்படியே மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், என் செத்துப்போன ரோஜாத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வரச்சொன்னேன்.

இதற்கிடையில் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. முதல் ஞாயிறு சாயங்காலமே வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பிரியாணி அண்டா மூடியில் ரகசியமாகக் கேழ்வரகு போட்டிருந்தேன். பண்டிகை வாரம் வந்ததும் எல்லோர் முகத்துக்கு நேராகவும் கொண்டுவந்து வைப்பது என்று. அது எப்படி வந்திருந்தது தெரியுமா, விரலை விட்டால் விரல் தெரியாது. பிள்ளை அழுது முகம் வீங்கிக் கிடந்தபோது அதைக் கொண்டுபோய் மடியில் வைத்தேன். அது கண்ணைத் துடைத்துக்கொண்டு தடவிப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கு ஆயா. ஆனா இது உங்க செடி. நான் வளத்தது எதுன்னு சார் கேப்பாரு" என்றது. ஆண்டவரே, இந்த நேர்மை நம் குடும்பத்தில் யாரிடமிருந்து வந்தது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒருவர் முகமும் ஞாபகம் வரவில்லை.

அன்று மத்தியானம் நான் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால் சமையலறையில் அத்தனை டப்பாவும் திறந்து கிடக்கிறது. ஃபெபி அந்த நீலத் தட்டைக் கழுவி, டேப்பை எல்லாம் உரித்து எறிந்துவிட்டு, குழிக்கு ஒரு சாமான் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஒன்றில் ரவை. ஒன்றில் ஜவ்வரிசி. ஒன்றில் உடைத்த உளுந்து. சேமியாவை ஒடித்து ஒடித்து நட்டு வைத்திருக்கிறாள், நடும்போதே புல் மாதிரி நிற்கிறதாம். கடைசி வரிசையில் கடுகு. "இன்னாடி பண்றே?" என்றேன். தலையைத் தூக்காமல், "எது மொளைக்கும்னு நீங்க யாருமே ஒழுங்கா சொல்லல. அதான் எல்லாத்தையும் கேட்டுப் பாக்கறேன்" என்றாள். டென்னிஸ் மறுபடி ஷிப்டு போட வந்தான். "டாடி, இது என் லைன். யாரும் வரக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். சூப்பர்வைசர் வாயைப் பொத்திக்கொண்டு போனான்.

சேமியாவுக்கு எறும்பு வந்தது. ரவை களியாகப் போனது. கடுகு மட்டும் ஒருநாள் காலையில் தலையைத் தூக்கியது, இரண்டிரண்டு இலையோடு. அன்றைக்கு அந்தப் பிள்ளை போட்ட கூச்சலில் கீழ்வீட்டு மரகதம் யாரோ செத்துவிட்டார்கள் என்று ஓடிவந்தாள். மற்ற குழிகளையும் துடைத்து எல்லாவற்றிலும் கடுகு போட்டாள். எங்கள் வீட்டில் அந்த வாரம் தாளிப்பே கிடையாது.

பண்டிகை இரவு கோயில் ஷெட்டில் தட்டுகளை எல்லாம் வரிசையாக வைத்தார்கள். கோதுமை, நெல், பயறு எல்லாம் காடு மாதிரி நின்றது. நம் பிள்ளையுடையது சுண்டுவிரலில் பாதி உயரம், அதுவும் புதிதாகப் போட்ட குழிகளில் அப்போதுதான் மூக்கை நீட்டியிருந்தது. ஜெபர்சன் சார் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டே வந்து, நம் தட்டுக்கு முன் நின்று, "நல்லாத்தான் கீதும்மா... கொஞ்சம் குட்டையா பூட்ச்சு" என்று இழுத்தார். ஃபெபி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து பங்கு சாமியார் அங்கி மாட்டிக்கொண்டே வந்தார். குனிந்து பார்த்தார். "இது இன்னா செடிம்மா?" என்றார். "கடுகு ஃபாதர்." "கடுகா?" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஜெபர்சன், விண்ணரசு கடுகு விதை மாதிரின்னு ஆண்டவர் சொன்னத இத்தினி வருசமா தொண்டை கிழியப் பிரசங்கம் வெக்கிறேன்யா. செடிய இன்னிக்குத்தான் பாக்கறேன்!" என்றார். ஃபெபிக்குத் தைரியம் வந்து, "சேமியாவும் போட்டேன் ஃபாதர், அது வரல" என்றாள். "அது வராதும்மா" என்றார். "பாருங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்க வூட்ல யாருக்குமே தெரியல" என்று எங்கள் மானத்தை வாங்கிவிட்டாள். சாமியார் சிரித்து முடித்து, "ஸ்கேல உள்ள வெய்யி. இந்தப் பாப்பாவே தூக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பின்னால், எல்லாவற்றிலும் உயரமான கோதுமைத் தட்டுக்காரப் பிள்ளையின் அம்மா எழிலரசி, "அப்போ அளந்தது இன்னாத்துக்கு?" என்று முணுமுணுத்தாள். அவளைக் குறித்து வைத்திருக்கிறேன், எங்கே என்று நீ கேட்க வேண்டியதில்லை, மனதில்தான்.

பூசையில் எல்லோரும் பாடிக்கொண்டிருக்க, ஃபெபி வெள்ளைத் துணியில் குழந்தை இயேசுவை ஏந்திக்கொண்டு நடுவழியில் வந்தாள். தலையணை வைத்துப் பழகிய நடை, ஒரு அடிகூடப் பிசகவில்லை. என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். பின்னால் மெழுகுவர்த்தியோடு வந்த பிள்ளைகள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். "ஆயா, உங்க தட்டத்தான் ஆடு துன்னுட்ச்சில்ல? இந்தாங்க, கொஞ்ச நேரம் வெச்சுக்கோங்க" என்று சத்தமாகச் சொல்லி என் கையில் கொடுத்துவிட்டாள். நான் வாங்கிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பாட்டை முதலிலிருந்து மறுபடி பாட வேண்டி வந்தது என்று டென்னிஸ் சொன்னான். செபமாலை அங்கே இல்லையே என்கிற ஒரு குறையைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. என் கேழ்வரகையும் குடிலில் ஓரமாக வைத்தார்கள், நல்ல பொம்மை ஆடாகப் பார்த்து நானே அதன் மேல் நிறுத்திவிட்டு வந்தேன். அது தின்னாது.

இவ்வளவு நன்றாக முடிந்ததே, அக்கா மனம் ஆறியிருக்கும் என்று நீ நினைப்பாய். ஆறவில்லை. பிள்ளை அழுதது அழுததுதான். ஒரு குடும்பத்தில் இரண்டு தலைமுறைக்குக் குடில் முளையைக் கெடுத்தவன் நீ. புது வருஷத்துக்கு நீ இங்கே வர வேண்டாம். உன் மனைவி வரலாம். அவளுக்கு என் ஆசீர்வாதம். உன் மகனுக்கும் மருமகளுக்கும் ஆசீர்வாதம், அவர்கள் வீட்டு நாய்க்கும் ஆசீர்வாதம். உனக்குரிய ஆசீர்வாதத்தை மட்டும் நான் எடுத்து வைத்திருக்கிறேன், தரமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னை என்றைக்கும் மன்னிக்காத அக்கா,
அன்னபுஷ்பம்.

பின்குறிப்பு: கவரை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன், ஆகையால் ஒட்டல் கோணலாக இருந்தால் டென்னிஸைச் சந்தேகப்படாதே. இன்று சாயங்காலம் ஷாலினோடு துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போன ஃபெபி, "ஆயா, ரோஜாத் தொட்டில புல்லு" என்று கத்தினாள். மரகதம் எட்டிப் பார்த்து, "கோரைக்கா, புடுங்கிப் போடு" என்றாள். முட்டி வலியோடு படியேறிப் போய், சத்தியத்தை மறந்து என் கையாலேயே ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரோடு உமி ஒட்டிக்கொண்டிருக்கிறது, வாலோடு. உன் நெல்தான் அமிர்தநாதா. அவித்த நெல் இல்லை, விதை நெல்தான். டேப் ஒட்டின தட்டில் மூன்று ஷிப்டு தண்ணீரில் மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறது, காற்றுப் பட்டதும் எழுந்துவிட்டது. நாள் கணக்காக ஊறினதைக் கடித்தால் பல்லில் ஒட்டாமல் என்ன செய்யும்? தொட்டி நிறையப் பச்சை. நீ சொன்னது போலவே பாய் விரித்த மாதிரிதான் இருக்கிறது. ஃபெபி மாட்டுப் பொம்மையைக் கொண்டுபோய் அதன் மேல் படுக்க வைத்துவிட்டு, எழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகையால் மேலே உள்ள பக்கங்களில் உன்னைப் பற்றி இருக்கிறதை நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம், ஆனால் கை வலிக்கிறது, தவிர எழுத்து நன்றாக வந்திருக்கிறது. எடுத்து வைத்த ஆசீர்வாதத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். புது வருஷத்துக்கு அவசியம் வா. போன் செய், எடுக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நெல் விஷயத்தில் என் கணக்குத் தப்பாகப் போனதும், ஆட்டு விஷயத்தையும் உட்கார்ந்து முதலிலிருந்து யோசித்தேன். அன்றைக்கு ஹாலில் நான் உன்னைத்தான் சொன்னேன். வேறு யாரையும் சொல்லவில்லை. தூக்கத்தில் கிடந்தவனுக்கு, ஒருவரும் கேட்காதபோது, ஒரு கண்ணை மட்டும் திறந்து "நானும் இல்லப்பா" என்று சொல்ல வேண்டிய அவசியம் என்ன? அறுபது வருஷக் கோபத்தைச் சும்மா குப்பையில் கொட்ட என்னால் முடியாது, அதற்கு ஒரு ஆள் வேண்டும். நீ வரும்போது குன்றத்தூர் வழியாக வந்து அவனையும் கூட்டிக்கொண்டு வா. கறிக்குழம்பு வைக்கிறேன், இரண்டு தரம் சோறு போடுகிறேன். ஆனால் மன்னிக்க மட்டும் மாட்டேன், அந்தச் சாம்சனை.